நீர்வாட்டம்

லோத்தலின் செங்கல் தரையிலிருந்து, மோர்பியின் டைல் சூளை வழியாக, அகமதாபாத்தின் ஒரு குளியலறை வரை

லோத்தலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: துறைமுகம் எங்கே? கை காட்டும் திசையில், 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள செங்கல் தொட்டி ஒன்று கிடக்கிறது. அது கப்பல் துறையா, வெறும் நீர்த்தேக்கமா என்று அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அதன் கரையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு வெயிலுக்குப் பயந்து வண்டியில் ஏறிவிடுகிறார்கள். 'பால்' என்று அழைக்கப்படும் இந்த உப்புச் சமவெளியில் நிழலுக்குப் பஞ்சம்.

ஆனால் ஒரு கொத்தனார் வந்தால் வேறொரு இடத்தில்தான் நிற்பார். ஊரின் மேட்டுப் பகுதியில், அடுத்தடுத்து வரிசையாக 12 குளியல் தளங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கும் அளவு. பக்கத்திலேயே எல்லாத் தளங்களின் நீரையும் வாங்கிக்கொண்டு போகும் வடிகால். 1955 முதல் 1960 வரை எஸ்.ஆர்.ராவ் தலைமையில் தொல்லியல் துறை தோண்டியபோது வெளிப்பட்ட இந்தத் தளங்களுக்கு வயது நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல். அரண்மனையோ சிலையோ இல்லாத ஊர் இது. இருந்தாலும் தரை இருக்கிறது.

லோத்தல் வீடுகளின் சுவர்களில் பெரும்பாலானவை வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கல். சூளையில் சுட்ட செங்கலை எங்கே செலவழித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் அவர்களுடைய கவலை எது என்று புரிந்துவிடுகிறது. குளிக்கும் இடத்துக்கும் வடிகாலுக்கும் துறைக்கும் சுட்ட கல். படுக்கும் அறைக்குப் பச்சைக் கல் போதும். விறகு அருமையான சமவெளியில், ஈரம் படுகிற இடத்துக்கு மட்டும் விறகைச் செலவிட்டிருக்கிறார்கள். சிந்துவின் கரையில் மொகஞ்சதாரோவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குளியலறைத் தரைக்கு என்று செங்கலை ரம்பத்தால் அறுத்து, தேய்த்து, இடைவெளி தெரியாதபடி பொருத்தினார்கள். தரையை ஒரு மூலைக்குச் சரித்து, அந்த மூலையில் துளை விட்டு, தெருவின் வடிகாலில் சேர்த்தார்கள். டைலை வெட்டிப் பதிக்கும் வேலையின் வரலாறு எழுதப்பட்டால் முதல் அத்தியாயம் இதுதான்.

சரிவுக்குத் தமிழ்க் கொத்தனார்கள் வைத்திருக்கும் சொல் 'வாட்டம்'. தண்ணீர் வாட்டம், நீர்வாட்டம் என்பார்கள். முகம் வாடுவதற்கும் அதே சொல்தான் என்பது மொழியின் குறும்பு. இந்த வாட்டத்தைச் சரியாக வைக்காத தரை, வீட்டுக்காரர் முகத்தில் அந்த வாட்டத்தை வரவழைக்கும் என்று சொல்லி வைத்ததைப் போல. குஜராத்தியில் இதுவே 'டால்'. சொல் வேறு, கவலை ஒன்று.

அந்தக் கவலையை வெளியார் பெரும்பாலும் உணர்வதில்லை. கொத்தனாரின் தொழில் தர்மம் மட்டம். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும்; தரை ரசமட்டத்தின் குமிழியை நடுவில் நிறுத்த வேண்டும். பயிற்சிக் காலம் முழுவதும் அவர் கையும் கண்ணும் பழகுவது இதற்குத்தான். வீட்டில் ஓர் அறையில் மட்டும் அந்தப் பழக்கத்தை அவரே மீற வேண்டும். குமிழி ஒதுங்க வேண்டும், ஆனால் கொஞ்சமாக. 1 மீட்டருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை. குறைந்தால் நீர் நிற்கும். கூடினால் ஆள் நிற்க முடியாது.

லோத்தலிலிருந்து வெளியே வந்து பகோதராவில் ராஜ்கோட் நெடுஞ்சாலையைப் பிடித்தால் லாரிகளின் ராஜ்ஜியம். லிம்டி, சோட்டிலா கடந்து பாமன்போரில் வலப்புறம் பிரியும் சாலை வான்கானேர் வழியாக மோர்பிக்குப் போகிறது. எதிரே வரும் லாரிகளில் அட்டைப் பெட்டிகள். பெட்டிகளுக்குள் இந்தியாவின் தரை.

பழைய வரைபடங்களில் மோர்வி. மச்சூ நதிக்கரையில் ஒரு குட்டி சமஸ்தானமாக இருந்து, 2013இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. நாட்டில் தயாராகும் டைல்களில் 80 முதல் 90 சதவீதம் இந்த வட்டாரத்தில் பிறப்பவை என்பது தொழில்துறையினர் சொல்லும் கணக்கு. நளியா எனப்படும் கூரை ஓட்டில் தொடங்கிய ஊர் இது. நடுவில் சுவர்க் கடிகாரத்துக்கும் பெயர் வாங்கியது. கூரைக்கு ஓடு போட்டவர்கள் பிறகு சுவருக்கு வந்தார்கள், சுவரிலிருந்து தரைக்கு இறங்கினார்கள். மேலிருந்து கீழே என்ற இந்த வரிசையில் கடைசியாகத்தான் மனிதர் நிற்கும் இடம் வருகிறது.

தண்ணீர் தன் வழியை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சூ அணை எண் 2 உடைந்து ஊரையே வாரிக்கொண்டு போனது. இறந்தவர்கள் எத்தனை ஆயிரம் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு கிடையாது. அதே நதியின் மேல் சமஸ்தான காலத்துத் தொங்கு பாலம் 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து விழுந்ததில் 135 பேர் போனார்கள். வெளியூர்க்காரர்களுக்கு மோர்பி என்றால் இந்த இரண்டும்தான் நினைவுக்கு வருகின்றன. காலுக்குக் கீழே இருப்பது நினைவுக்கு வருவதில்லை.

தொழிற்சாலைக்குள் மண் போகும் பாதை எளிது. களிமண்ணும், பெரும்பகுதி ராஜஸ்தானிலிருந்து வரும் பெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்களும் உருளை ஆலையில் நீரோடு சேர்ந்து கூழாகின்றன. கூழைச் சூடான காற்றில் பீய்ச்சினால் மணிமணியான தூள். தூளை அச்சில் கொட்டி ராட்சத அழுத்தத்தில் அமுக்கினால் பலகை. அதன் மேல் மினுக்குப் பூச்சு. பூச்சின் மேல் கணினி அச்சு. பிறகு நூறு மீட்டருக்கும் நீளமான சூளைக்குள் உருளைகளின் மேல் ஊர்ந்து, ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பத்தைக் கடந்து மறுமுனையில் கல்லாக வெளியே வருகிறது. பச்சை மண் கல்லாக மாற ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. சூளைக்கு நிலக்கரி வாயுதான் நெடுநாள் எரிபொருள். ஊரின் காற்றும் நீரும் கெட்டுப்போன பின்பு, 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்குத் தடை போட்டது. தொழில் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. கணக்குப் பார்த்துச் சிலர் புரோப்பேனுக்கும் போனார்கள்.

கணினி அச்சு செய்யும் வேடிக்கை தனி. மக்ரானாவையே பார்த்திராத பலகையில் இத்தாலியப் பளிங்கின் நரம்புகள் ஓடுகின்றன. தேக்கு வேண்டுமா, தேக்கு. சிமென்ட் பூச்சுப் பெயர்ந்த பழைய சுவர் வேண்டுமா, அதுவும் கிடைக்கும், கூடுதல் விலைக்கு. ஆண்டுக்கு ஆண்டு பலகையின் அளவும் வளர்கிறது. ஒரு காலத்தில் 8 அங்குலச் சதுரம். பிறகு 300 மில்லிமீட்டர், 600 மில்லிமீட்டர். இப்போது 600க்கு 1,200. அதையும் தாண்டி 800க்கு 1,600. நெடுஞ்சாலை ஓரத்துக் காட்சிக்கூடங்களில் கதவு அளவுப் பலகைகள் கண்ணாடி போல மின்னுகின்றன. இணைப்புக் கோடே தெரியாத தரை என்பதுதான் விற்பனைப் பேச்சு.

இங்கேதான் மோர்பிக்கும் லோத்தலுக்கும் வழக்கு வருகிறது. செங்கல் சின்னது. நாலு பக்கமிருந்தும் ஒரு துளையை நோக்கித் தரையைச் சரிக்க வேண்டும் என்றால், சின்னக் கற்கள் ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை சாய்ந்து ஒத்துழைக்கும். கதவு அளவுப் பலகை வளையாது. ஒரு பக்கம் சாய்க்கலாம். நாலு பக்கமும் சாய்க்க முடியாது. குளியலறைத் தரையோ விரித்துவைத்த குடையைக் கவிழ்த்தது போல இருக்க வேண்டியது. பெரிய பலகையை அதில் வைத்தால் ஒன்று அது நடுவில் தொங்கும், அல்லது வாட்டம் போகும். ஒரு பக்கச் சுவரோரமாக நீளவாக்கில் வடிகால் வைத்து, தரை முழுவதையும் அந்தப் பக்கமே சரிப்பது ஒரு தப்பிக்கும் வழி. அதற்குக் கட்டடம் கட்டும்போதே குழாயை அங்கே கொண்டுவந்திருக்க வேண்டும். பழைய வீட்டில் நடவாது.

பழைய வீடு என்றால் எப்படி என்பதைப் பார்க்க, மோர்பியிலிருந்து கிளம்பும் லாரி ஒன்றின் பின்னால் அகமதாபாத்துக்கே திரும்பி வர வேண்டும். சாபர்மதிக்கு மேற்கே, வேப்ப மரங்களுக்கு நடுவே, நாலு மாடிக் குடியிருப்பு ஒன்று. இரண்டாம் மாடி வீட்டின் குளியலறையிலிருந்து முதல் மாடி வீட்டுக் கூரைக்கு நீர் இறங்குகிறது. கீழ் வீட்டின் பூஜை அலமாரிக்கு நேர் மேலே பழுப்பு வட்டம் விழுந்து, மூன்று மழைக்காலமாக வளர்ந்திருக்கிறது. இரண்டு வீட்டுப் பெண்களும் உத்தராயணத்துக்கு எள்ளுருண்டை மாற்றிக்கொள்வதை நிறுத்தி இரண்டு வருடம். குடியிருப்பின் கமிட்டிக்குக் கடிதம் போனது. கடைசியில் மேல் வீட்டுக்காரர்கள் தரையைப் பெயர்க்க ஒப்புக்கொண்டார்கள்.

கடியா நாகா என்பது அகமதாபாத்தின் காலை நேரக் காட்சி. கடியா என்றால் கொத்தனார். நாகா என்றால் முக்கு. தாகோத், பஞ்சமஹால், எல்லை தாண்டி ஜாபுவா என்று மலைக் கிராமங்களிலிருந்து வந்த பழங்குடிக் குடும்பங்கள் விடியற்காலையில் கூலிக்காகக் காத்து நிற்கும் நாற்சந்தி. இடிப்பதற்கும் சுமப்பதற்கும் ஆள் அங்கே கிடைக்கும். டைல் பதிக்கிறவரை அங்கே தேட மாட்டார்கள். அவர் மிஸ்திரி, ஆள் சொல்லி அனுப்பித்தான் வருவார். இந்த வீட்டுக்கு வந்தவருக்கு அறுபதை நெருங்கும் வயது. சொந்த ஊர் ராஜஸ்தான். கூட வந்த பையன் அக்கா மகன். வீட்டு மருமகள் அவரை 'காகா' என்கிறார். அவர் 'பென்' என்கிறார். சித்தப்பாவும் சகோதரியுமாக உறவு வைத்துக்கொண்டுதான் குஜராத்தில் சண்டையே போடுவார்கள். முதல் நாளே சண்டை வந்தது.

மருமகள் காட்சிக்கூடத்திலிருந்து தேர்ந்தெடுத்து வந்திருந்தது 600க்கு 1,200 அளவில், வெள்ளையில் சாம்பல் நரம்போடும் பளபளப்பான பலகை. சுவருக்கும் அதுவே, தரைக்கும் அதுவே. காகா பெட்டியைத் திறந்து பார்த்தார். பலகையில் கொஞ்சம் நீர் தெளித்துக் கட்டை விரலால் தேய்த்தார். சுவருக்குச் சரி, தரைக்கு மாட்டேன் என்றார். வீட்டில் மாமியாருக்கு எழுபத்தைந்து வயது. அதே குளியலறைதான் அவருக்கும்.

வெளிநாடுகளில் இப்போது 'வெட் ரூம்' என்று ஒன்றைப் புதுமையாகப் பேசுகிறார்கள். தொட்டியோ கண்ணாடிக் கூண்டோ இல்லாமல் அறை முழுவதும் நனையலாம் என்பதுதான் அதன் பெருமை. இந்தியாவில் வேறு மாதிரிக் குளியலறை சாதாரண வீடுகளில் எப்போது இருந்தது? வாளியும் சொம்பும் ஷவரும் எல்லாமே தரையில்தான் வந்து முடிகின்றன. அந்த 5க்கு 7 அடித் தரையில்தான் ஒரு குடும்பம் தினமும் வெறுங்காலோடும் சோப்பு நுரையோடும் நிற்கிறது. பளபளப்பு அங்கே அழகு அல்ல, ஆபத்து.

இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம் இப்படி ஆனது: சுவருக்கு மருமகளின் பளிங்கு, தரைக்கு 300 மில்லிமீட்டர் சதுரத்தில், அதே சாம்பல் நிறத்தில், சொரசொரப்பான டைல். நடுவில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

பெயர்த்துப் பார்த்ததில் குற்றவாளி அகப்பட்டது. தரை நடுவே இருக்கும் வடிகால் கிண்ணத்துக்குப் பிளம்பர்கள் 'நஹானி ட்ராப்' என்பார்கள். சென்னையிலும் மதுரையிலும் அதே பெயர்தான். ஏதோ கம்பெனிப் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மராத்தியில் 'ந்ஹாணி' என்றால் வீட்டில் குளிக்கும் இடம். மதுரைப் பக்கத்து வீடுகளில் அங்கணம் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அது. அந்தக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிச் சிமென்ட் விட்டுப்போயிருந்தது. டைலுக்கு அடியில் புகுந்த நீர் வெளியே போக வழியில்லாமல், தாழ்த்திக் கட்டிய தளத்தில் நிரப்பியிருந்த செங்கல் துண்டுகளுக்குள் தேங்கி, வருடக்கணக்கில் ஊறி, கீழே இறங்கியிருக்கிறது. மேலே பார்க்கத் தரை நன்றாகவே இருந்தது. டைல் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

டைலும் அதன் இணைப்பில் தேய்க்கும் கிரௌட்டும் நீரைத் தடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. டைல் நீரை விடாது என்பது சரி. இணைப்புகள் நாளடைவில் விடும். தடுக்க வேண்டியது அதற்குக் கீழே. காகா தளத்தைக் கழுவிக் காயவிட்டு, சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டி, அதன் மேல் நீர்க்காப்புப் பூச்சை இரண்டு தடவை குறுக்கும் நெடுக்கும் பூசினார். சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏற்றினார். பிறகு வடிகால் வாயைத் துணியால் அடைத்து, நீரைக் கட்டி நிறுத்தினார். 48 மணி நேரம். அந்த இரண்டு நாளும் வேலை இல்லை. மருமகளுக்குப் பொறுமை போயிற்று. கீழ் வீட்டுக்காரர் மட்டும் நாற்காலி போட்டு ஏறி, கூரையைத் தடவித் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை.

வாட்டம் வைப்பது அதன் பிறகு. கதவடியில் உயரம், வடிகாலில் தாழ்வு, நடுவில் நூல். நாலு மூலையிலிருந்தும் வடிகாலுக்கு நூல் கட்டினால் தரை நாலு முக்கோணமாகப் பிரியும். கடித உறையின் பின்பக்கம் போல. ஒவ்வொரு முக்கோணமும் தனித் தளம். கலவையை மணியாசுப் பலகையால் இழுத்து, ரசமட்டத்தை வைத்து, குமிழி ஒதுங்கும் அளவைப் பார்த்து மறுபடி இழுத்தார். டைல் வைக்கும் முன்பே இந்தத் தரையில் நீர் ஓடியாக வேண்டும். கலவையில் இல்லாத வாட்டத்தைப் பசையால் கொண்டுவர முடியாது.

பசை என்பதும் ஒரு தலைமுறை மாற்றம். பழைய மினுக்கு டைலை வாளி நீரில் ஊறப்போட்டு, குமிழி நின்றதும் எடுத்து, சிமென்ட் பாலில் வைப்பார்கள். நீர் குடிக்கும் டைல் அது. சிமென்ட்டையும் குடித்துப் பிடித்துக்கொள்ளும். மோர்பியின் புது வகை 'விட்ரிபைட்' டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். ஊறப்போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். அதைச் சிமென்ட் பாலில் வைத்தால் பிடிமானம் இல்லாமல், தட்டினால் வெற்றுப் பானை போலச் சத்தம் போடும். மிஸ்திரிகளில் பாதிப் பேர் இன்னும் பழைய பழக்கத்தில் ஐந்து உருண்டை கலவையை வைத்து அமுக்கிவிட்டுப் போகிறார்கள். உருண்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில்தான் நீர் குடியேறும். காகா பல் வெட்டிய கரண்டியால் பசையைச் சீவி, பலகை முழுவதும் படியும்படி அழுத்தினார். முதல் டைலை வைத்தவுடன் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கப் பசை ஒட்டியிருந்தது. திருப்பி வைத்தார்.

அளவில் ஓர் ஏமாற்று இருக்கிறது. கடையில் இதை '1க்கு 1' என்று விற்கிறார்கள். 1 அடி என்பது 304.8 மில்லிமீட்டர், டைல் 300. 7 அடி நீளத்தில் ஏழு டைல் வைத்தால் ஏறத்தாழ 34 மில்லிமீட்டர் குறையும். இணைப்பு இடைவெளிகள் அதில் பாதியை விழுங்கும். மிச்சத்துக்கு விரல் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி ஒட்டுவது சோம்பேறியின் வழி. மெல்லிய பட்டைதான் முதலில் பெயரும். காகா நடுவிலிருந்து கணக்குப் போட்டு, வெட்டுத் துண்டுகள் இரு பக்கச் சுவரோரமும் ஏறத்தாழ அரை டைலாக வரும்படி அமைத்தார். சுவர் டைலின் கடைசி வரிசையை முன்பே வைக்காமல் விட்டிருந்தார். தரை முடிந்த பின்பு அது தரை டைலின் மேல் வந்து உட்கார வேண்டும். சுவரில் வழியும் நீர் தரையின் மேல் விழுமே தவிர, இடுக்குக்குள் போகாது.

வெட்டும் வேலை பையனுடையது. நேர் வெட்டுக்குக் கை இயந்திரம் போதும். சின்னச் சக்கரம் மேற்பரப்பில் ஒரே கீறல் போடும். கைப்பிடியை அமுக்கினால் கீறலில் டைல் மடிந்து உடையும். தூசி கிடையாது. கீறலை இரண்டாவது தடவை போட்டால் விளிம்பு கடித்ததைப் போல ஆகிவிடும். மூலைவிட்ட வெட்டு, குழாயைச் சுற்றி 'ட' வடிவ வெட்டு, வடிகால் வாய்க்கு வட்ட வெட்டு ஆகியவற்றுக்கு மின் வட்டரம்பம் வேண்டும். பையன் பால்கனியில் குந்தி, டைலைக் கால் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தொடங்கினான். அரை நிமிடத்தில் பால்கனி வெள்ளை. துளசிச் செடி வெள்ளை. பையனின் இமை வெள்ளை.

காகா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் மூடியில் ஆணியால் துளை போட்டு, நீர் நிரப்பி, வீட்டுப் பேரனிடம் கொடுத்து, வெட்டும் இடத்தில் விடாமல் ஊற்றச் சொன்னார். வெள்ளைப் புகை சாம்பல் நிறச் சேறாகி வழிந்தது. வேலை மெதுவானது. மின்சாரத்தையும் நீரையும் ஒன்றாக வைத்து விளையாடுவதில் வேறு ஆபத்து இருக்கிறது. நீர்க் குழாயோடு சேர்ந்தே வரும் இயந்திரம் கடையில் உண்டு. அதன் விலை பையனின் பல நாள் கூலி.

காகா சத்தம் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதல் மாடியில் ஒரு தடவை நின்றுதான் வருகிறார். டைல் மண்ணில் குவார்ட்ஸ் உண்டு. அதன் நுண்ணிய தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் அங்கே தழும்பு போடும். சிலிகோசிஸ் என்று பெயர். தழும்பு மாறாது. லோத்தலுக்குத் தென்கிழக்கே, வளைகுடாவின் தலைப்பில் இருக்கும் கம்பாத்தைக் கேட்டால் இந்தக் கதையை முழுசாகச் சொல்லும். சூதுபவளத்தையும் அகேட் கல்லையும் அறுத்து, தேய்த்து மணி செய்யும் தொழில் அங்கே இன்றும் நடக்கிறது. அதே தொழிலின் பட்டறை ஒன்று லோத்தலிலேயே தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. கம்பாத்தில் கல் தேய்க்கிறவர்களுக்கு வரும் சிலிகோசிஸ் பற்றி அகமதாபாத்திலேயே உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறது. மோர்பியின் ஆலைத் தொழிலாளர்களிடமும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. ஆலை என்றால் பெயருக்காவது பதிவேடு உண்டு, பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. இரண்டாம் மாடி வீட்டு பால்கனிக்குப் பதிவேடு கிடையாது. பையன் இன்று இங்கே, அடுத்த வாரம் வேறு பால்கனி.

காகாவை ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா என்று மருமகள் கேட்டார். பீடி குறைத்தால் சரியாகிவிடும் என்றார்களாம். அவர் குறைத்துவிட்டார். மூச்சு சரியாகவில்லை.

தரை வைத்து முடிய இரண்டு நாள் ஆனது. நாலு மூலைவிட்டத்திலும் வெட்டு விளிம்புகள் ஒன்றோடொன்று முத்தமிட்டுச் சந்தித்தன. வடிகாலைச் சுற்றிய நாலு துண்டுகளை மட்டும் காகா பையனிடம் விடாமல் தானே வெட்டினார். கிரௌட் தேய்க்கும் முன்பு ஒரு நாள் விட்டார்.

மறுநாள் காலையில் மருமகள், மாமியார், பேரன் எல்லாரும் வாசலில் நின்றார்கள். கீழ் வீட்டு அம்மாள்கூட, எதற்கோ வந்தவர் போல, படியில் நின்றார். காகா ஒரு வாளி நீரைக் கதவோரமாகச் சாய்த்து ஊற்றினார். நீர் ஒரு கணம் யோசித்தது போலப் பரவியது. பிறகு நாலு தளத்திலும் இறங்கி, வெட்டுக் கோடுகளில் சேர்ந்து, வடிகாலில் சுழன்று, சத்தத்தோடு உள்ளே போயிற்று. பேரன் கை தட்டினான்.

காகா நகரவில்லை. குந்தி உட்கார்ந்து, தலையைத் தரையளவுக்குச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். இடப்பக்கச் சுவரிலிருந்து இரண்டாவது டைலில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நீர் நின்றது. விரலால் தள்ளிவிட்டார். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. அதனால் என்ன காகா, துணியால் துடைத்துக்கொள்கிறோம் என்றார் மருமகள். எழுபத்தைந்து வயது மாமியார் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியில் இன்னும் எத்தனை டைல் மிச்சம் என்று காகா பையனைக் கேட்டார். ஆறு என்றான். ஒன்றை எடுத்து வரச் சொல்லிவிட்டு, உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அந்த டைலின் முன்னால் உட்கார்ந்தார்.